ஹைட்ரஜனில் தொடங்குங்கள்

தை மாத இரவில் பத்து மணிவாக்கில் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் திருவாதிரை தெரியும். ஒரையன் என்னும் வேட்டைக்காரனின் தோளில் செம்மஞ்சளாக ஒளிரும் விண்மீன் அது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், திருவாதிரைக்குக் கிழக்கே ஏறக்குறைய ஒரு முஷ்டி அகலம் தள்ளி, வெறும் இருட்டாகத் தோன்றும் இடத்தில் ரோசெட் நெபுலா இருக்கிறது. தொலைவு சுமார் 5,000 ஒளியாண்டு. வானில் அது அடைத்திருக்கும் அகலம் 1.3 டிகிரி. இரண்டரை முழுநிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த அகலம் வரும். இவ்வளவு பெரிய பொருள் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. கண்ணுக்குத் துளியும் தெரிவதில்லை.

காரணம் இரண்டு. அது மிக மங்கலானது. அதோடு, அதன் ஒளியில் பெரும்பங்கு 656 நானோமீட்டர் அலைநீளத்தில், ஆழ்ந்த சிவப்பாக வருகிறது. இருட்டில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். அவை 507 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சையில்தான் நன்றாக வேலை செய்யும். ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டேதான். பெரிய தொலைநோக்கியில் எட்டிப் பார்த்தவர்கள்கூட நெபுலாக்களைச் சாம்பலாகவும் பச்சை படிந்ததாகவும் வருணித்தது இதனால்தான்.

நகரத்துக்காரருக்கு மூன்றாவது தடையும் உண்டு. அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் 2001-இல் வானின் இருட்டை ஒன்பது படிகளாகப் பிரித்தார். ஒன்று என்றால் கன்னங்கரிய பாலைவன வானம்; ஒன்பது என்றால் பெருநகரத்தின் மையம். எட்டு, ஒன்பதில் வாழ்பவர் சாதாரணக் கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டி ஐந்து நிமிடம் ஒளி வாங்கினால், தெருவிளக்குகளின் வெளிச்சமே படத்தை நிரப்பிவிடும். அதற்குள் நெபுலா மூழ்கிப்போகும்.

இந்தத் தடையைத் தாண்ட இன்று ஆர்வலர்கள் கையாளும் வழிதான் நேரோபேண்ட், அதாவது குறும்பட்டை ஒளிப்படக்கலை. வானத்திலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, மிச்சத்தை மணிக்கணக்கில் சேர்ப்பது. கேட்பதற்கு விபரீதமாக இருக்கும். இது ஏன் பலிக்கிறது என்று புரிய 1864-ஆம் ஆண்டு லண்டனுக்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி இரவு, டல்ஸ் ஹில் பகுதியில் தன் வீட்டோடு சேர்ந்த வானாய்வுக்கூடத்தில், வில்லியம் ஹக்கின்ஸ் தொலைநோக்கியில் நிறமாலைமானியைப் பொருத்தி, டிராக்கோ விண்மீன் கூட்டத்திலுள்ள பூனைக்கண் நெபுலாவை நோக்கித் திருப்பினார். நெபுலாக்கள் எல்லாம் பிரித்தறிய முடியாத விண்மீன் திரள்கள்தாமா, அல்லது வேறு ஏதாவதா என்பது அன்று பெரும் வழக்கு. விண்மீன்களாக இருந்திருந்தால் ஊதா முதல் சிவப்பு வரை தொடர்ந்த நிறப்பட்டை தெரிந்திருக்கும். ஹக்கின்ஸ் கண்டது இருட்டின் நடுவே தனித்து நின்ற ஒளிக்கோடு. உற்றுப் பார்த்தபோது அருகில் மங்கலாக இன்னும் இரண்டு. ஒளிரும் வாயுதான் அப்படிக் கோடுகளாக ஒளியை விடும். ஒரே பார்வையில் வழக்கு முடிந்தது.

அந்தப் பிரகாசமான பச்சைக் கோடு மட்டும் பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று புதிய தனிமத்தையே கற்பித்துப் பெயரும் வைத்தார்கள். 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் விடையைக் கண்டுபிடித்தார். அது சாதாரண ஆக்ஸிஜன். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன். கிளர்ச்சியுற்ற அந்த அயனி 500.7 நானோமீட்டர் ஒளியை விட்டு அமைதியாவதற்குச் சராசரியாக அரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 2-க்குப் பின் 19 சுழியங்கள் போடும் அளவு மூலக்கூறுகள் நெரிகின்றன. அங்கே அரை நிமிடம் மோதலின்றி இருக்க எந்த அயனிக்கும் வாய்க்காது. மோதலிலேயே ஆற்றல் போய்விடும். நெபுலாவில் அதே இடத்தில் சில நூறு அணுக்களோ சில ஆயிரமோதான். அந்த வெறுமையில்தான் பச்சைக் கோடு பிறக்க முடியும்.

ஹைட்ரஜனின் கதை இன்னும் எளியது. ரோசெட்டின் நடுவில் என்ஜிசி 2244 என்ற இளம் விண்மீன் கொத்து இருக்கிறது. அதிலுள்ள மிகவெப்பமான விண்மீன்கள் பொழியும் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகின்றன. பிரிந்த எலக்ட்ரான் வேறொரு புரோட்டானிடம் சிக்கி, படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு விழும்போது வெளிப்படுவதுதான் 656.3 நானோமீட்டர் சிவப்பு. வானியலாளர்கள் இதை ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்பார்கள். கொடைக்கானல் வானாய்வகம் 1912 முதல் சூரியனை இதே கோட்டின் ஒளியில் படமெடுத்துச் சேர்த்து வந்திருக்கிறது. சூரியனில் பிடித்த அதே சிவப்பைத்தான் இந்தக் கலைக்குப் புதியவர் 5,000 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து பிடிக்கப் போகிறார்.

இப்போது கணக்குக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது 300 நானோமீட்டர் அகலம். ஹைட்ரஜன்-ஆல்ஃபாவை மட்டும் விடும் ஒரு ஃபில்டரின் வழித்தட அகலம் 7 நானோமீட்டர். வானம் முழுக்கப் பரவியிருக்கும் எல்இடி வெளிச்சம் எல்லா அலைநீளங்களிலும் சிதறிக் கிடப்பதால், அதில் நாற்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 3 நானோமீட்டர் ஃபில்டரில் நூற்றில் ஒரு பங்கு. நெபுலாவின் ஹைட்ரஜன் ஒளியோ ஒரே கோட்டில் குவிந்திருக்கிறது. நல்ல ஃபில்டர் அதில் பத்தில் ஒன்பது பங்கை உள்ளே விட்டுவிடும். முறத்தில் புடைத்ததுபோல் உமி பறந்து மணி தங்குகிறது. நகரத்து மாடியில் நெபுலா படம் சாத்தியமாவதன் ரகசியம் இந்த விகிதத்தில் இருக்கிறது.

கருவிகளில் புதியவர் முதலில் காசை இறைக்க நினைப்பது தொலைநோக்கியில். அது தவறான வரிசை. பணம் போகவேண்டிய முதல் இடம் மவுன்ட், அதாவது தொலைநோக்கியைச் சுமந்து, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திருப்பும் தாங்கி. 400 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள சிறு தொலைநோக்கியையும், 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவையும் எடுத்துக்கொள்வோம். இன்று தொடக்கநிலையில் மிகவும் பழக்கமான சேர்க்கை இது. இதில் ஒரு பிக்சல் வானில் மறைக்கும் அளவு 1.94 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஆர்க் செகண்ட். பூமியின் சுழற்சியால் வானம் நகரும் வேகம் விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட், அதாவது விநாடிக்கு எட்டு பிக்சல். மவுன்ட் அசையாமல் நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஒரு விண்மீன் 1.25 டிகிரி ஓடிவிடும். ரோசெட்டின் மொத்த அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அதே ஐந்து நிமிடம் விண்மீனை ஓரிரு பிக்சலுக்குள் கட்டிவைக்க வேண்டும். இதை லென்ஸ் செய்யாது, மவுன்ட்தான் செய்யும்.

கேமராவில் ஒரு முக்கியமான தேர்வு இருக்கிறது. வண்ணக் கேமராவின் உணரியில் நான்கு பிக்சல்களுக்கு ஒன்றின் மேல்தான் சிவப்பு ஃபில்டர் ஒட்டியிருக்கும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1970-களில் வடிவமைத்த அமைப்பு அது. ஹைட்ரஜன் ஒளியைப் பொறுத்தவரை மீதி மூன்று பிக்சல்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். கறுப்பு-வெள்ளைக் கேமராவில் எல்லாப் பிக்சலும் உழைக்கும். சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவின் நிலைமை இன்னும் மோசம். தோல் நிறம் இயல்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக உணரியின் முன்னே பொருத்தும் கண்ணாடி, பல மாடல்களில் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவில் கால் பங்கைத்தான் விடுகிறது. கேனன் நிறுவனம் 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ என்று வானியலுக்காகவே தனி மாடல்களை வெளியிட்டது இந்தக் கண்ணாடியை மாற்றித் தருவதற்காகத்தான். வண்ணக் கேமரா ஏற்கெனவே கையில் இருப்பவர் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து விடும் இரட்டைப்பட்டை ஃபில்டர் ஒன்றைப் போட்டுத் தொடங்கலாம், அதில் குறையொன்றுமில்லை. புதிதாக வாங்குபவர் கறுப்பு-வெள்ளையை வாங்குவதே நல்லது.

நம் ஊர்களில் வேலையைத் தொடங்கும்போதே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. மவுன்ட்டின் அச்சு வானின் வடதுருவத்தைக் குறிபார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் அது 51 டிகிரி உயரம். சென்னையில் 13, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10, கன்னியாகுமரியில் 8. அந்தத் தாழ்வில் தென்னை மரமோ தண்ணீர்த் தொட்டியோ தூசிமூட்டமோ மறைத்துவிடும். இங்கே கைகொடுப்பது மென்பொருள். தெரிகிற வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்துக்கொண்டு, விண்மீன்களின் அமைப்பை அடையாளம் கண்டு, அச்சு எத்தனை விலகியிருக்கிறது என்று அது சொல்லிவிடும். துருவ நட்சத்திரமே தேவைப்படாது. மவுன்ட்கள் பல மேலைநாட்டு அட்சரேகைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சிலவற்றின் அச்சு நமக்கு வேண்டிய அளவு தாழாது. வாங்கும்முன் அந்த ஒரு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் பிறகு வருந்த நேரிடும்.

இதற்கு ஈடாக வானம் நமக்கு ஒரு வரத்தையும் தந்திருக்கிறது. ரோசெட் வான நடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே இருப்பதால் சென்னையில் 82 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. அந்த உச்சியில் காற்றுமண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாகவே பார்க்கிறோம். ஐரோப்பியர் பலருக்கு இந்த வாய்ப்பில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிகிற மாதங்களும் ரோசெட் உச்சியில் நிற்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைகின்றன.

குவியம் பார்ப்பதற்குத் திருவாதிரையே போதும். ஹைட்ரஜன் ஃபில்டர் போட்டபின் விண்மீன்கள் பெரும்பாலும் மங்கிவிடும். செந்நிறமான திருவாதிரை மட்டும் திரையில் பளிச்சென்று நிற்கும். தொலைநோக்கியின் முகப்பில் பாடினோவ் முகமூடி என்ற, கீற்றுக்கீற்றாக வெட்டிய தட்டை மாட்டினால் விண்மீனைச் சுற்றி மூன்று ஒளிக்கதிர்கள் தோன்றும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிமத்தியில் வரும் நிலைதான் துல்லியக் குவியம். ரஷ்ய ஆர்வலர் பாவெல் பாடினோவ் தந்த எளிய கருவி அது. பிறகு மவுன்ட்டை ஏறக்குறைய பத்து டிகிரி கிழக்கே, சற்றுத் தெற்காகத் திருப்பினால் போதும். இலக்கு கண்ணுக்குத் தெரியாததால், எடுத்த படத்திலுள்ள விண்மீன்களை வைத்து இருப்பிடத்தைச் சொல்லும் மென்பொருள் இங்கே மறுபடி உதவும். பக்கத்தில் மாட்டிய சிறு வழிகாட்டிக் கேமரா ஒரு விண்மீனைக் கண்காணித்து, மவுன்ட் இம்மி பிசகினாலும் சரிசெய்துகொண்டே இருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்து முதல் ஐந்து நிமிடப் படம் திரைக்கு வருகிறது. கறுப்பு. நாலைந்து வெண்புள்ளிகள். வேறொன்றுமில்லை.

பலர் இந்த இடத்தில் மனம் உடைந்து கருவியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றத் தேவையில்லை. 16 பிட் கேமரா ஒளியை 65,536 படிகளில் பதிகிறது. நெபுலாவின் ஒளி வானத்தின் பின்னணியைவிடச் சில பத்துப் படிகளோ சில நூறோ மட்டும் உயர்ந்திருக்கும். கணினித் திரை அந்த வேறுபாட்டைக் கறுப்பாகவே காட்டும். மென்பொருளில் ‘ஸ்ட்ரெச்’ என்னும் பொத்தானை அழுத்தினால் அந்தச் சில படிகள் மட்டும் விரிக்கப்படும். அப்போது இதழ் விரித்த ரோஜா வடிவில், நடுவே ஓட்டையோடு, குருணை படிந்த ஒரு வட்டம் திரையில் எழும். விண்மீன் காற்றுகள் ஊதித் தள்ளியதால் உண்டான வெற்றிடம் அந்த ஓட்டை. ஊர் முழுக்க விளக்கெரியும் இரவில் அதை முதன்முறையாகப் பார்ப்பவர் யாரும் மறக்கமாட்டார்.

குருணையைப் போக்கும் மருந்து நேரம் ஒன்றுதான். ஒளி துகள்களாக, ஒழுங்கின்றி வந்து விழுவதால் ஒவ்வொரு படத்திலும் ஏற்ற இறக்கம் இருக்கும். பல படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் நெபுலாவின் உண்மை ஒளி நிலைத்துவிடும்; இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக் குறையும். தெளிவு, படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல உயரும். ஐந்து நிமிடப் படங்கள் 72 சேர்த்தால் ஆறு மணி நேரம். ஒற்றைப் படத்தைவிட எட்டரை மடங்கு தெளிவு. அதை இரண்டு மடங்காக்க ஆசைப்பட்டால் 24 மணி நேரம் வேண்டும். ஒரே இரவில் மூன்று நெபுலாக்களை எடுக்க நினைப்பவருக்கு மூன்று சுமாரான படங்கள்தான் மிஞ்சும் என்பதை இந்த வர்க்கமூலம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

அடுக்குவதற்குமுன் செய்யவேண்டிய துப்புரவு வேலைகளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். தொலைநோக்கியை மூடிவிட்டு, அதே வெப்பநிலையில், அதே ஐந்து நிமிடத்துக்கு எடுக்கும் ‘டார்க்’ படங்கள் உணரியின் வெப்ப இரைச்சலைக் கழிக்கும். சீரான வெள்ளை ஒளியில் எடுக்கும் ‘ஃபிளாட்’ படங்கள் ஓரத்து இருட்டையும் தூசு வளையங்களையும் நீக்கும். உணரியின் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸுக்கும் இரட்டிக்கும். குளிர்விக்கும் கேமரா சுற்றுச்சூழலைவிட 30 முதல் 35 டிகிரி வரைதான் இறக்கித் தரும்; நம் ஊரில் இரவிலும் 25 டிகிரி இருக்கும்போது மைனஸ் 20-ஐக் கேட்டுத் திணறடிப்பதில் பயனில்லை. சுழியத்தில் நிறுத்தி, டார்க் படங்களையும் சுழியத்திலேயே எடுத்துக்கொள்வது போதுமானது. அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் விலைகொடுத்து எதையும் வாங்கவேண்டாம்.

ஹைட்ரஜனில் மட்டும் எடுத்த படம் கறுப்பு-வெள்ளையாக இருக்கும். பொன்னும் நீலமுமாக ஜொலிக்கும் படங்கள் எப்படி வருகின்றன? 1995 ஏப்ரல் 1-ஆம் தேதி ஹப்பிள் தொலைநோக்கி கழுகு நெபுலாவைப் படமெடுத்தது. ஜெஃப் ஹெஸ்டர், பால் ஸ்கோவன் ஆகியோரின் அந்தப் படம் ‘படைப்பின் தூண்கள்’ என்று உலகப் புகழ் பெற்றது. மூன்று ஃபில்டர்களில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு அலைநீள வரிசைப்படி நிறம் கொடுத்தார்கள்: நீண்ட அலையான கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, குறுகிய அலையான ஆக்ஸிஜனுக்கு நீலம். கந்தகக் கோடுகள் 671.6, 673.1 நானோமீட்டரில் விழுபவை; ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டரும் சிவப்புத்தான். கண் இரண்டையும் ஒன்றாகவே காணும். பச்சையைக் கொடுத்துப் பிரித்ததால்தான் வாயு எங்கே எப்படி இருக்கிறது என்று படத்தில் படிக்க முடிந்தது.

இந்த நிறங்களைப் ‘போலி’ என்று ஒதுக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும். ஆக்ஸிஜன் இரண்டாவது எலக்ட்ரானை இழக்க 35 வேண்டும். மிகச் சூடான விண்மீன்களின் அருகில்தான் அது நடக்கும். கந்தகத்துக்கு 10.4 போதும், எனவே அயனியாக்கம் முடிகிற விளிம்புகளில் அது தேங்கும். ஆகவே ரோசெட்டின் நடுவில் நீலமும் ஓரங்களில் செம்பொன்னும் தெரிவது ஓவியரின் கற்பனையல்ல. எங்கே என்ன வெப்பம், எந்த அயனி என்பதைக் காட்டும் வரைபடம் அது.

ஆனாலும் முதல் முயற்சியிலேயே மூன்று ஃபில்டர்களோடு இறங்குவது தன்னைத்தானே வருத்திக்கொள்வது. கந்தகம் மிக மங்கலானது; ஹைட்ரஜனுக்கு ஆறு மணி நேரம் என்றால் அதற்குப் பலமடங்கு கேட்கும். ஆக்ஸிஜன் ஃபில்டரில் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டங்கள் எளிதில் விழும். நிலவொளி நீலப்பகுதியில் அதிகம் சிதறுவதால் ஆக்ஸிஜனுக்கு நிலவில்லாத இரவுகள் வேண்டும். ஹைட்ரஜனோ பௌர்ணமியை ஒட்டிய இரவிலும் ஒத்துழைக்கும். குவியமும் ஃபில்டருக்கு ஃபில்டர் சற்று மாறும். ஒரே கோடு, ஒரே இலக்கு என்று தொடங்கியவருக்கு எது பிழைத்தாலும் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கும்.

பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பின்லாந்தின் ஜே.பி. மெட்சவைனியோ சாட்சி. பால்வழியின் நீண்ட பகுதி ஒன்றை இதே மூன்று கோடுகளில் துண்டுதுண்டாகப் படமெடுத்து 2021-இல் ஒரே படமாக இணைத்தார். ஏறக்குறைய 12 ஆண்டுகள், 1,250 மணி நேர ஒளி, 234 துண்டுகள்.

கண்டுபிடிப்புக்கும் இடமிருக்கிறது. ஆண்ட்ரோமீடா நூறாண்டுக்கு மேலாக உலகில் மிக அதிகம் படமெடுக்கப்பட்ட விண்மீன் மண்டலங்களில் ஒன்று. அங்கே புதிதாக எதுவும் இருக்காது என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2022-இல் பிரான்ஸைச் சேர்ந்த யான் சான்டி, 106 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் ஆக்ஸிஜன் ஃபில்டரைப் போட்டு அதைப் பல இரவுகள் எடுத்தார். மண்டலத்தின் பக்கத்தில் 1.5 டிகிரி நீளத்தில், முழுநிலவைப்போல மூன்று மடங்கு, யாரும் அதுவரை காணாத நீலவில் ஒன்று வெளிப்பட்டது. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் ஆகியோரோடு சேர்ந்து உறுதிசெய்து 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். பெரிய வானாய்வகங்களின் படங்களில் தப்பிய பொருளை, கையால் தூக்கிச் செல்லக்கூடிய தொலைநோக்கி ஒன்று காட்டிக்கொடுத்தது. அந்த இடத்தில் 500.7 நானோமீட்டரை மட்டும் வடித்து அத்தனை மணி நேரம் அதற்குமுன் யாரும் ஒளி சேர்க்கவில்லை.

ஆகவே, தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுதியான மவுன்ட் ஒன்று, சிறிய தொலைநோக்கி ஒன்று, கேமரா ஒன்று, ஹைட்ரஜன் ஃபில்டர் ஒன்று. இந்த நான்கோடு வருகிற தையில் மாடிக்குப் போங்கள். திருவாதிரையில் குவியம் பார்த்து, ரோசெட்டில் நிறுத்தி, ஆறு மணி நேர ஒளி சேரும்வரை வேறு எதன் பக்கமும் தொலைநோக்கியைத் திருப்பாதீர்கள். அந்தக் கறுப்பு-வெள்ளைப் படம் உங்களுக்கே திருப்தியாக அமைந்த பிறகு ஆக்ஸிஜன் ஃபில்டரை வாங்குங்கள். கந்தகம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.